கொப்பி பார்த்தவரின் பெயர்

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை நடந்தவை, வரிசைப்படி:

1. காலை ரயிலில் பலேர்மோவிலிருந்து பகேரியாவுக்குப் போனேன். அங்கே ஒரு பழைய வில்லாவில் இருக்கும் புத்தகங்களை ஸ்கேன் செய்து பட்டியலிடுவதுதான் இப்போது என் வேலை. எல்லாம் ஒரே வகை. பிரெஞ்சு நாடகப் பஞ்சாங்கங்கள்.

2. நாற்பத்து மூன்றாவது புத்தகத்தில், அச்சிட்ட பட்டியல் ஒன்றின் ஓரத்தில், யாரோ மையால் ஒரு பெயரை எழுதியிருந்தார்கள்.

3. மதியம் றெஜினா அக்கா அழைத்தார். எங்கள் கோவில் கலண்டர்கள் வேண்டும், கடைசி ஐந்து வருடத்துக்கும் வேண்டும், வழக்கறிஞர் கேட்கிறார் என்றார்.

4. அந்த ஐந்திலும் றெஜினா அக்காவின் பெயர் இல்லை. திறந்து பார்க்காமலே எனக்குத் தெரியும். போடாமல் விட்டது நான்தான்.

முதலில் பஞ்சாங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ராகு காலம் தேட வேண்டாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸில் இவை பரவின. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஆண்டு பிறக்கும் நேரத்தில் விற்பனைக்கு வரும். முன்பக்கங்களில் நாட்காட்டி — எந்த நாள் எந்தப் புனிதருக்கு உரியது என்று. அதன் பிறகு, அரங்கு அரங்காகப் பட்டியல். நடிகர்கள், நடிகைகள், ஆடுபவர்கள், வாத்தியக்காரர்கள். அந்த ஆண்டு புதிதாக மேடையேறியவர் யார், ஓய்வு பெற்றவர் யார், இறந்தவர் யார்?

நான் அதிகம் நின்று பார்ப்பது பட்டியலின் அடிப்பகுதியைத்தான். தையற்காரர். பொய்முடி செய்பவர். மெழுகுதிரி ஏற்றுபவர். வாசலில் டிக்கெட் வாங்குபவர். தனி இருக்கைகளின் கதவைத் திறந்துவிடும் பெண்கள். மறைவில் இருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர். எல்லாப் புத்தகங்களிலும் இவர்கள் இல்லை. இருக்கும் புத்தகங்களில், பெயரோடு இருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்துப் பிரான்சில் நடிகர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்து வந்தது. தொழிலைக் கைவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் கல்லறையில் இடம். கோவில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு, இந்தச் சின்னப் புத்தகத்தின் இறந்தோர் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதே புத்தகத்தின் முன்பக்கத்தில் புனிதர்கள்... இரு தரப்பையும் பிரிப்பது முப்பது, நாற்பது தாள்தான்.

பிறகு புரட்சி வந்தது. புனிதர்களே காணாமல் போனார்கள். அவர்கள் இருந்த இடத்தில் காய்கறி, கலப்பை, கழுதை. ஒரு வருடத்துப் புத்தகத்தில் டிசம்பர் இருபத்தைந்து, நத்தார் எனும் கிறிஸ்மஸ் தினத்துக்கு நேரே ‘நாய்’ என்றிருக்கிறது. என்னோடு வேலை செய்யும் சல்வோ உடனே தன் மாமியாரின் பிறந்த நாளைத் தேடினான். டிசம்பர் இருபத்தெட்டு. ‘எரு’ என்றிருந்தது. படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினான். அன்று முழுவதும் அந்தப் பெண் அவனுடைய போனை எடுக்கவில்லை.

அடுத்த நூற்றாண்டில் அரங்குகள் பெருகின, புத்தகங்களும் தடித்தன. அன்றாடச் செய்தியைப் பத்திரிகைகள் எடுத்துக்கொண்டன. பஞ்சாங்கத்துக்கு வேலை குறைந்தது. ஆனால் ஆண்டுக்கொருமுறை மேடைக்காரரைப் பட்டியல் போடும் பழக்கம் உலகில் ஓயவில்லை. நானும் ஒன்று போடுகிறேனே.

இத்தாலியின் பலேர்மோவில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சமூகம் தவக்காலத்தில் இயேசுவின் திருப்பாடுகளின் நாடகம் போடும். வருட முடிவில் ஒரு கலண்டர் அடிப்போம். டிசம்பர் தாளின் பின்பக்கத்தில் அந்த ஆண்டு நடித்தவர்களின் பட்டியல். ‘கொம்பியூட்டர் படிச்ச பிள்ளை’ என்று ஐந்து வருடத்துக்கு முன் அந்த வேலையை என்னிடம் தந்தார்கள். நேர்த்தியாகச் செய்தேன். தலைப்புக்கூட மாற்றினேன்: ‘மேடையில் தோன்றியவர்கள்’.

றெஜினா அக்கா மேடையில் தோன்றுவதில்லை. திரைக்குப் பின்னால் கொப்பியோடு, வசன நோட்டோடு, நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவர்களுக்காக முழு நாடகத்தையும் இத்தாலிய எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். பெரியவர்களுக்கும் அவர் வேண்டும். வுச்சீரியா சந்தையில் சமையல் வேலை செய்யும் யோசப் அண்ணைதான் வருடா வருடம் இயேசுவுக்குத் தீர்ப்பிடும் பிலாத்து. பழி எனக்கில்லை என்று கையைக் கழுவுமுன் வருடா வருடம் வசனத்தை மறப்பவரும் அவர்தான்.

அப்படியிருக்க, ஏன் அக்காவின் பெயரை விட்டேன்?

அவர் பராமரித்து வந்த சிஞ்ஞோரா, ஒரு முதிய இத்தாலிய அம்மா, இறந்த பிறகு, அக்காவின் பெர்மெஸ்ஸோ — வதிவிட அனுமதி — காலாவதியாகிவிட்டது. அடுத்த வீட்டில் வேலை கிடைத்தது, ஒப்பந்தம் கிடைக்கவில்லை. பெயர் அச்சில் வந்தால் அவருக்கு ஆபத்து என்று நினைத்தேன். நினைத்தேன்... கேட்கவில்லை.

இப்போது வழக்கறிஞர் கேட்பது, இத்தனை வருடமும் அவர் இந்த ஊரில், இந்த மக்களோடு வேரூன்றி வாழ்ந்தார் என்பதற்குத் தாள். அவர் பெயர் உள்ள தாள். ஒப்பந்தம் இல்லாத வேலைக்குத் தாள் இல்லை. அறையின் வாடகைச் சீட்டு இன்னொருவர் பெயரில். விண்ணப்பம் தள்ளுபடியானால், நாட்டை விட்டுப் போகச் சொல்லும் கடிதம் வரும். திங்கட்கிழமை கோப்பைக் கையளிக்க வேண்டும்.

போனில் சொல்ல மனம் வரவில்லை. வேலை முடிந்ததும் பஸ் எடுத்து பிரான்காச்சோவுக்குப் போனேன். அக்கா தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருக்கிறார். யாருடைய சட்டைகளுக்கோ அயர்ன் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் இல்லை என்று சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஓம், தெரியும். முதல் வருசமே பார்த்தனான். அதுக்குப் பிறகு பார்க்கேல்லை, மற்ற வருசங்களிலையாவது இருக்கும் எண்டுதான் கேட்டனான்.”

ஐந்து வருடமும் அப்படித்தான், அக்கா. இதை நான் சொல்லவில்லை. குவெஸ்தூராவுக்கு, அனுமதி தரும் பொலிஸ் அலுவலகத்துக்கு, பயந்துதான் போடவில்லை என்று மட்டும் சொன்னேன். அப்போதுதான் சிரித்தார்.

“தமிழிலை கிடக்கிற கலண்டரை எடுத்து வைச்சு குவெஸ்தூராக்காரர் வாசிக்கப் போகினமோ? விசரி.”

சட்டையைத் திருப்பிப் போட்டார். அயர்னைப் பார்த்தபடியே சொன்னார்.

“நான் ஏதோ பிழை விட்டிட்டன் எண்டு நினைச்சன். அந்த வருசம் பிலாத்து நடுவிலை நிண்டிட்டார்தானே... நான் பிந்தி எடுத்துக் குடுத்ததாலைதான் என்ரை பெயரைப் போடேல்லை எண்டு.”

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டால் போட்டிருப்பாய். கேட்டு வாங்கிறது பெயரோ?”

அவர் முடித்து வைத்த சட்டைகளை மடித்து அடுக்கிவிட்டு வந்தேன்.

மறுநாள் யோசப் அண்ணையிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. “பிள்ளை, ஐஞ்சு பைலும் உன்ரை கொம்பியூட்டரிலைதானே கிடக்கு? ஒரு பெயரைச் சேர்த்துத் திரும்ப அடி. ஆர் பார்க்கப் போகினம்?”

உண்மைதான். ஐந்து பைல், ஐந்து வரி. பத்து நிமிட வேலை. அக்கா திரைக்குப் பின்னால் நின்றது பொய்யும் இல்லை. நடந்ததைத்தானே சேர்க்கப் போகிறேன்? அன்றிரவு முதல் பைலைத் திறந்து, பிலாத்துக்குக் கீழே ஒரு வரி இடம்கூட விட்டேன். பிறகு சேமிக்காமல் மூடினேன்.

வியாழக்கிழமை பகேரியாவில் அந்த நாற்பத்து மூன்றாவது புத்தகத்தை மறுபடி எடுத்தேன். கதவு திறக்கும் பெண்களின் பட்டியல். கடைசிப் பெயருக்குக் கீழே, ஓரத்தில், பழுப்பு மையில் இன்னொரு பெண்ணின் பெயர். எழுத்து கோணல். பாதியைப் பூச்சி அரித்துவிட்டது. எழுதியது யார் என்று தெரியாது. ஆனால் அந்தக் கை அச்செழுத்தைப் போல எழுத முயலவில்லை. பட்டியல் விட்டுவிட்டது, நான் சேர்க்கிறேன் — அவ்வளவுதான் அது சொல்கிறது. பழைய கலண்டரைத் திருத்தாமல், ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால்கூடப் போதும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

கடிதம் எழுதினேன். இத்தாலிய மொழியில், ஒரு பக்கம். ஐந்து வருடமும் இந்தப் பட்டியலைத் தொகுத்தவள் நான். றெஜினா ஐந்து நாடகங்களிலும், எல்லா ஒத்திகைகளிலும் வசனம் எடுத்துக் கொடுத்தார். அவருடைய பெயரை, அவரைக் கேட்காமல், நானே விட்டேன். காரணம் இது. கீழே என் கையெழுத்தும் அடையாள அட்டை எண்ணும்.

விட்டதை விட்டேன் என்று எழுதுவது, பைலைத் திருத்துவதைவிட எவ்வளவு கடினம் தெரியுமா? பத்து நிமிட வேலைக்குப் பதிலாக இரண்டு மாலை போனது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் கடிதத்தை மேசையில் வைத்தேன். நாடகக்காரர்கள் வாசித்தார்கள். என்னை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். யோசப் அண்ணை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பேனாவை வாங்கினார்.

“பிலாத்து கையெழுத்து வைச்சால் நம்புவினமோ?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. முதல் கையெழுத்து அவருடையது. அதன் கீழே பதினொன்று.

அக்கா தன் கொப்பியையும் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் ஒத்திகைத் திகதிகள், வராத பிள்ளைகளின் பெயர்கள், எல்லாம் பென்சிலில். அவரிடம் ஐந்து வருடமும் ஒரு பட்டியல் இருந்திருக்கிறது. என்னுடையதைவிடத் திருத்தமானது. அதில் ஒருவரும் விடுபடவில்லை, அவரைத் தவிர.

திங்கட்கிழமை வழக்கறிஞர் கடிதத்தையும் கொப்பியின் பிரதிகளையும் பார்த்தார். இது மட்டும் போதாது, ஆனால் மற்றத் தாள்களோடு சேர்த்தால் பயன்படும் என்றார். நம்பிக்கையாகவும் சொல்லவில்லை, கைவிட்டும் சொல்லவில்லை.

வெளியே வந்து, இம்முறை கேட்டேன். புதுக் கலண்டரில் பெயர் போடட்டுமா? யோசித்துத்தான் பதில் சொன்னார்.

“போடு. ‘கொப்பி பார்த்தவர்’ எண்டு போடு. ‘உதவி’ எண்டு போடாதை.”

பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியில் இதை எழுதலாமா என்றும் கேட்டேன். எழுது, ஆனால் பேப்பரில் என் பெயரை மாற்று என்றார். மாற்றியிருக்கிறேன். கலண்டரில் மாற்றவில்லை.

இன்றைய நிலை: கோப்பு கையளிக்கப்பட்டுவிட்டது. பதில் வரவில்லை. கலண்டர் அச்சகத்தில் இருக்கிறது, பட்டியலின் தலைப்பு ‘நாடகத்தில் இருந்தவர்கள்’.