உங்க மேல தப்பில்லீங்க

பவர் பேங்க்குன்னு ஒண்ணை நான் வாங்கினதே, போன் அணைஞ்சு போயிரக் கூடாதுன்னுதான். மேட்டுப்பாளையத்துல ஊடு, ஆர்.எஸ்.புரத்துல ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை. காலையில பஸ் ஏறினா பொழுது சாஞ்சுதான் திரும்பி வருவேன். என்னைய யாரு கூப்பிடறா? ஊட்டுக்காரர் போய்ச் சேந்துட்டாரு. புள்ளைகுட்டி கிடையாது. பெருந்துறையில இருக்கற அண்ணன் தீவாளி பொங்கல்னு நோம்பி நொடிக்குப் பேசினா உண்டு. ஆனாலும் ஒருவேளை யாராச்சும் கூப்பிட்டு, அந்த நேரம் பாத்து போன் செத்துக் கெடந்தா? அந்தப் பயந்தான். சிரிக்காதீங்க, தனியா இருந்து பாருங்க தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு செல்போன் கடை. கடைக்காரரு என்னைவிட மூத்தவரு, அண்ணான்னுதான் கூப்பிடுவேன். அவரேதான் எடுத்துக் குடுத்தாரு. “நல்லா ஓடுற சாமானுங்க அம்மணி, தைரியமா எடுத்துக்கங்க”ன்னாரு. நானும் தைரியமா எடுத்துக்கிட்டேன்.

அன்னைக்குக் காலையில பஸ்ல சன்னலோரம் எடம் கெடச்சுது. மடியில பை. பைக்குள்ள சோத்துப் போசியும் இந்தச் சனியனும். போன்கூட கையிலதான் இருந்துச்சு, பவர் பேங்க் சும்மா உள்ள கெடந்துச்சு. காரமடை தாண்டினதும் தொடை சுட்டுச்சு. ரசஞ்சோறைச் சூடா போட்டு அடைச்சிருந்தேனா, போசிதான் சுடுதுன்னு நெனச்சுப்போட்டேன். சோறு சாயாம இருக்கட்டும்னு இடது கையைப் பைக்குள்ள உட்டு நேரா நிமித்தி வேற வெச்சேன். அப்பத்தான் ‘உஸ்’ஸுன்னு சத்தம் கேட்டுச்சு, புகை வந்துச்சு, அடுத்த நிமிசம் மடியில தீ.

பஸ்ல இருந்தவங்க அத்தனை பேரும் முன்பக்கம் ஓடினாங்க. குத்தம் சொல்லலை, நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆனா சீலை தொடையோட ஒட்டிக்கிட்டு நான் கத்தறேன், என்னையச் சுத்தி எல்லா சீட்டும் காலி. எரிச்சலைக்கூட மறந்துட்டேன், அந்தக் காலி சீட்டுகளை இன்னமும் மறக்க முடியலை. கண்டக்டர்தான் தண்ணிக் கேனை எடுத்து மேல கவுத்து, ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாரு. எரிஞ்ச பையையும் ஒரு சாக்குல போட்டு போலீஸ்ல ஒப்படைச்சாரு. புண்ணியவான்.

ஆஸ்பத்திரியில கேட்ட மொதக் கேள்வி, “கூட யாரும்மா?” யாருமில்லைன்னேன். மறுநாள் வந்த நர்ஸம்மாவும் அதையேதான் கேட்டுச்சு. பக்கத்துப் படுக்கைக்காரிக்கு ஒறம்பரை சனம் வந்தபடியே இருந்துச்சு, திட்டித் திட்டித்தான் வெளிய அனுப்போணும். ஒரு ஆள் விசிறிவிட, ஒரு ஆள் எளநி ஊட்டிவிட! எனக்கு வயிறு எரிஞ்சுது, பொய் சொல்லலை. அண்ணன் போன்ல “ஞாயித்துக்கிழமை வாரேன் கண்ணு”ன்னாரு. வரலை. அண்ணி போனைப் புடுங்கி, “வேலியில போற ஓணானை எடுத்து மடியில உட்டுக்கிட்டு, குத்துது குடையுதுன்னா யாரு என்ன பண்றது?”ன்னுச்சு. மடியிலதான் எரிஞ்சுது, பழமொழிக்கு என்ன பொருத்தம் பாருங்க.

வந்தது ஒரே ஆளுதான். அந்தக் கடைக்காரரு.

கண்டக்டர் சொல்லித் தெரிஞ்சுதாம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிட்டு, வெயில்ல பஸ் ஏறி வந்திருக்காரு. உக்காரச் சொல்லியும் உக்காரலை. “என்ற கையாலதானுங்களே எடுத்துக் குடுத்தேன்”னு சொல்லும்போதே கண்ணு கலங்கிப்போச்சு. என்ற கைக்கட்டைப் பாத்துட்டு ஆப்பிளை அவரே அறுத்து ஒவ்வொரு துண்டா நீட்டினாரு.

நான் சொன்னேன், “உங்க மேல தப்பில்லீங்கண்ணா. என்ற கெரகமுங்க.”

எங்க பக்கம் தேடி வந்தவங்களை மனசு நோக அனுப்பற பழக்கமில்லை. கழுத்தையே அறுத்திருந்தாலும் ‘பரவால்லீங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க’ன்னுதான் வாயில வரும். அது மட்டும்னும் சொல்ல முடியாது. அவரு அப்படியே கெளம்பிப் போயிருவாரோன்னு எனக்கு இருந்துச்சு. அந்த வார்த்தையைக் கேட்டாச்சும் சித்த நேரம் உக்காருவாருன்னு நெனச்சேன். உக்காந்தாரு. மழை, பஸ்ஸு, அவரு பேத்தி படிப்புன்னு பேசிட்டிருந்தோம்.

புண்ணு ஆறுச்சு, ஆனா இடது கையில ரெண்டு வெரல் மடங்கலை. லேப்ல ரத்தம் எடுக்கறப்ப நரம்பைத் தடவிப் புடிக்க அந்தக் கைதான் வேணும். வேலையை விட்டு நிறுத்தலை, முன்னால மேசையில உக்கார வெச்சு வர்றவங்க பேரைக் கூப்பிடச் சொல்லிட்டாங்க. அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். இந்தச் சனம் பேசினதைத்தான் தாங்க முடியலை. ராத்திரி பூரா சார்ஜ் போட்டிருப்பாளாம். வெயில்ல வெச்சிருப்பாளாம். ஒண்டிக்கட்டைக்கு எந்நேரமும் போன் எதுக்காம். அட கெரகம் புடிச்சவங்களா, பைக்குள்ள கம்முனு கெடந்த சாமான் வெடிச்சதுக்கு நான் என்னத்தப் பண்ணுவேன்! எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான். இது என்ற தப்பில்லைன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லோணும். அண்ணன் சொல்லலை, அக்கம்பக்கம் சொல்லலை. சரி, கோர்ட்டு சொல்லட்டும்னு கெளம்பினேன்.

லேப்புக்கு சுகர் பாக்க வர்ற ஒரு வக்கீலம்மாதான் நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போட்டுக் குடுத்துச்சு. பொட்டியில இருந்த கம்பெனி விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்பினோம். அப்படி ஒரு கம்பெனியே இல்லைன்னு திரும்பி வந்துருச்சு.

“செஞ்சவன் யாருன்னு தெரியலைன்னா, வித்தவரு செஞ்சவன் எடத்துல நின்னு பதில் சொல்லோணுமுங்க. சட்டம் அப்படி”ன்னுச்சு வக்கீலம்மா.

“அவரு நல்ல மனுசனுங்க.”

“நல்ல மனுசனே வித்தாலும் வெடிச்சது வெடிச்சதுதானுங்களே.”

கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

வாய்தாவுக்கு வர்றப்பெல்லாம் வராண்டாவுல அவரு முன்னாலயே வந்து நிப்பாரு. “ஏனுங்க அம்மணி, கை எப்படி இருக்குதுங்க? வெரல் மடங்குதுங்களா?” அவரோட வக்கீல் பல்லைக் கடிப்பாரு. “இன்னும் இல்லீங்கண்ணா”ம்பேன். கேஸ் போட்டவளும் கேஸ் வாங்கினவரும் இப்படிப் பேசிக்கறதைப் பாத்து அங்க சிரிக்காத ஆளில்லை. எனக்கு வாய்தா தள்ளிப்போனா வருத்தமாவே இருக்காது. இதையும் சொல்லிப்போடறேன்.

ஆனா அவரு வக்கீல் போட்ட பதில் மனுவுல இருந்துச்சு அந்த வார்த்தை. மனுதாரரே ஆஸ்பத்திரியில வெச்சு ‘உங்க மேல தப்பில்லை’ன்னு ஒத்துக்கிட்டாங்க, சூடு தெரிஞ்சும் பையை எடுக்காதது அவங்க கவனக்குறைவுன்னு. படிச்சுக் காட்டினப்ப எனக்குப் பொக்குனு போச்சு. விசயம் தெரிஞ்சு அண்ணன் தானா போன் பண்ணினாரு. “அதுக்கு என்ன சாட்சி இருக்குது? சொல்லவே இல்லைன்னு சாதிச்சுப்போடு.” வக்கீலம்மா மட்டும், “நடந்ததைச் சொல்லுங்க, போதும்”ன்னுச்சு.

விசாரணையில, ஜட்ஜ் எடத்துல உக்காந்திருந்த தலைவர் என்னையவே பாத்துக் கேட்டாரு. “இப்படிச் சொன்னீங்களாம்மா?”

கடைக்காரரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வாய் வரைக்கும் வந்துச்சு.

“சொன்னேனுங்க.”

“தப்பில்லைன்னா அப்பறம் எதுக்குக் கேஸு?”

“தப்பு இருக்குதா இல்லையான்னு யோசிச்சுச் சொல்லலைங்க. என்னையப் பாக்க வந்த ஒரே ஆளு அவருதானுங்க. அவரையும் சங்கடப்படுத்தி அனுப்ப எனக்கு மனசு வரலைங்க.”

சொல்லிட்டு அழுதுபோட்டேன். அத்தனை பேர் முன்னால, அந்த வயசுல, கூச்சமில்லாம.

தீர்ப்பு வந்துச்சு. எரிஞ்சதைச் சோதிச்ச ரிப்போர்ட்டுப்படி பேட்டரியிலயே குறை. செஞ்சவர் தெரியாததுனால வித்தவரே பொறுப்பு. ஆஸ்பத்திரியில ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை உரிமையை விட்டுக் குடுத்ததா ஆகாது. மனுதாரர் மேல எந்தத் தப்பும் இல்லை. அந்தக் கடைசி வரியை வக்கீலம்மாவை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். யாருகிட்டயாச்சும் சொல்லோணும்னு இருந்துச்சு. அண்ணனைக் கூப்பிட்டேன். “எவ்வளவு வருது?”ன்னாரு. பக்கத்தூட்டு அம்மாவும் அதையேதான் கேட்டுச்சு. கையைப் பத்திக் கேக்கலை.

கடைக்காரரு மேல்முறையீடு எதுக்கும் போகலை, குடுக்க வேண்டியதை வக்கீல் மூலமா குடுத்துட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சு, வேலை முடிஞ்சு பஸ்ஸ விட்டு எறங்கினவ நேரா கடைக்குப் போனேன். என்ன பேசறதுன்னு தெரியாமத்தான் போனேன். ஒரு சார்ஜர் ஒயர் வேணும்னேன்.

எடுத்தாரு. என்ற முன்னாலயே மாட்டிக் காட்டினாரு. கவர்ல போட்டாரு. “பில்லு வாங்கிக்கங்க மேடம்”னு நீட்டினாரு.

இடது கையை நீட்டி வாங்கினேன். மடங்காத வெரல்ல நிக்காம பில்லு கீழ உழுந்துருச்சு. அவரு அந்தக் கையைப் பாத்தாரு. நல்லாப் பாத்தாரு. அப்பறம் எனக்குப் பின்னால நின்ன ஆளைப் பாத்து, “உங்களுக்கு என்னங்க வேணும்?”ன்னாரு.