மேல்காற்று வீசாத நாள்

எங்கள் அடுப்படி ஜன்னலில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. அதில் சோப்புத் தண்ணீர், பக்கத்தில் பழைய ஷேவிங் பிரஷ். வீட்டுக்கு வருகிறவர்கள் இது எதற்கு என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். நாலு பேர் முன்னால் பேசுவது எனக்கு எப்போதுமே கஷ்டம். எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

என் அண்ணிக்குச் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு வாசனை அறியும் சக்தி போய்விட்டது. அண்ணனைக் கட்டிக்கொண்டு மரக்காணத்துக்கு வந்ததிலிருந்து என் மூக்குதான் அவருக்கும் மூக்கு. "கல்யாணம் ஆயி போறப்ப மூக்கக் கழட்டி வெச்சிட்டுப் போடி, கருவாடு வாங்கவே எனக்கு ஆள் வேணும்" என்று கேலி செய்வார். வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்த பிறகு அது கேலியாக இல்லை. பற்றவைக்கும் முன் ஒவ்வொரு முறையும், "ஏதாவது அடிக்குதா பாரும்மா" என்பார். நான் இல்லை என்று சொன்ன பிறகுதான் தீக்குச்சியை உரசுவார்.

அன்று காலை அண்ணன் புது சிலிண்டரை மாட்டிவிட்டு வேலைக்குப் போனார். நானும் அண்ணியும் உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு மதியம் திரும்பினோம். பூட்டியிருந்த கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். மேல்காற்று வீசும் நாட்களில் வீட்டுக்கு மேற்கே இருக்கிற உப்பங்கழியின் சேற்றிலிருந்து இப்படித்தான் அடிக்கும். பிறந்ததிலிருந்து பழகிய நாற்றம். எனக்கு நல்ல பசி வேறு.

"ஏதாவது அடிக்குதா?"

"கழி நாத்தம்தான், அண்ணி."

அண்ணி தீக்குச்சியை உரசினார். நெருப்பு தரையிலிருந்து எழுந்தது. ஈரச் சாக்கைப் போர்த்தி அவரை வெளியே இழுத்தேன். முழங்கை வரை இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன.

மறுநாள் வந்த கேஸ் மெக்கானிக் சிலிண்டர் வாயில் தேய்ந்த வாஷரைக் காட்டினார். "கேஸுக்குன்னு சொந்தமா வாசனையே கெடையாதுங்க. கசிஞ்சா தெரியணும்னு கந்தகம் இருக்குற மருந்து கலக்குறாங்க. கழிச் சேத்து நாத்தத்துலயும் கந்தகந்தான். ஆனா, நேத்து கடல்காத்துதானே அடிச்சுது?"

ஆமாம். கிழக்கிலிருந்து வீசிய காற்று அன்று காலை முழுவதும் என் முகத்தில்தான் அடித்தது. காற்றைப் பார்த்து உப்பு வாருகிற எனக்கு அது தெரியாதா?

ஆஸ்பத்திரியில் அண்ணனிடமும், வாக்குமூலம் எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரரிடமும் அண்ணி ஒன்றையே சொன்னார்: "கேக்காம பத்த வெச்சிட்டேன். என் தப்பு." நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். என் கூச்சம் ஊரறிந்தது. அதற்குப் பின்னால் என் பயம் வசதியாக ஒளிந்துகொண்டது.

வெந்த தோலில் உப்புத் தண்ணீர் பட்டால் தாங்காது என்பதால் அண்ணியின் உப்பள வேலை அதோடு முடிந்தது. ஒரு நாளும் அவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

எனக்குக் கல்யாணமாகித் தனி வீடு வந்த பிறகு, இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் என் வீட்டுக்கு வருவார். சுருங்கிய விரல்களில் லைட்டரைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது அடிக்குதா பாரும்மா" என்று என்னைத்தான் கேட்பார். நான் என் மூக்கை நம்புவதில்லை. கிண்ணத்தை எடுத்து, குனிந்து, ரெகுலேட்டரிலும் டியூபிலும் நுரையைத் தடவுவேன். குமிழி வரவில்லை என்று உறுதியான பிறகே, "பத்த வைங்க, அண்ணி" என்பேன்.

கிண்ணம் எதற்கென்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அண்ணி கேட்காமல் பற்றவைக்கவில்லை. கேட்டார். நான்தான் பதில் சொன்னேன்.