அம்மா ஏந்திய மடி

கண்ணுகளா, உண்டியலோடு கடை கடையாக ஏறி இறங்க அப்பா எனக்குக் கூச்சமாக இல்லையா என்று கேட்டீர்கள். நேற்று கம்பைநல்லூர்ச் சந்தையில், புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்காக உண்டியலை நீட்டினேன். அரிசி விற்கிற அம்மா ஒருவர், "சில்லறை இல்லீங்களே" என்று என் துண்டில் ஒரு பிடி அரிசியைப் போட்டார். அது விழுந்த சத்தத்தில் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அந்த வயதில் எனக்கும் அதே நோய்தான். நான் பிழைத்தால் மடிப்பிச்சை எடுத்துப் பொங்கல் வைப்பதாக என் அம்மா மாரியம்மனுக்கு வேண்டியிருந்தார். நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதும், மஞ்சள் சேலை கட்டி என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

"நம்ம வூட்ல யாரும் கை நீட்டுனதில்ல, கௌரவம் போயிரும்" என்றார் என் அப்பா.

"இவன் முடியாட்டம் அதுவும் மறுபடி முளைச்சுக்கும், வுடுங்க."

மருந்தில் முடி கொட்டிய தலையைப் பார்த்து ஊர் சிரிக்குமே என்று எனக்குப் பயம். முதல் வீட்டு அத்தை சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "எந்தக் கோயில்லடா மொட்டை?"

"ஆஸ்பத்திரியில அத்தை."

அவர் சிரிப்பு நின்றது. உள்ளே போய், ஒரு பிடிக்குப் பதில் முறம் நிறைய அரிசி கொண்டுவந்து மடியில் கொட்டினார். பாரம் தாங்காமல் அம்மா சிரித்தார். "நீயும் ஒரு முனையப் புடிடா" என்றார். பிடித்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் தலையை மறைத்துக்கொண்டு போகவில்லை.

நேற்று நீங்கள் டியூஷன் போன பிறகு, அந்த ஒரு பிடி அரிசியைக் கழுவி, உப்புப் போட்டுக் கஞ்சி வைத்துத் தனியாகக் குடித்தேன்.