ஒருசந்தி நாளின் நீலம்

எண்பதுகளின் தொடக்கம், திருச்சி மேலப்புதூர். எங்கள் வீட்டில் சர்க்கரைக்கு எண் கிடையாது, நிறம்தான். டெஸ்ட் டியூபில் நீல மருந்து, அதில் என் மனைவியின் சிறுநீர் எட்டுச் சொட்டு; மடித்த காகிதத்தால் டியூபின் கழுத்தைப் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவிடுவேன். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்று வீட்டில் சிரிப்பில்லை.

அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை அவள் ஒருசந்தி. மூன்று மணி ஆராதனை முடிந்துதான் அந்த ஒருவேளைச் சாப்பாடு. காலையில் வழக்கமான இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டாள்.

"ஊசி போட்டுட்டுப் பட்டினியா?"

"சாப்பிட்டாத்தானேங்க ஏறும்?" கணக்கு டீச்சர். எனக்கும் கணக்கு சரியாகவே பட்டது.

ஒரு மணிக்குச் சோதித்தேன். நீலம். துளிக் கலங்கல் இல்லாமல், காவிரிப் பாலத்துக்கு மேலே வெயில் கழுவிவிட்ட வானம்போல. எத்தனை மாதமாயிற்று இதைப் பார்த்து.

"மார்க் போடுங்க சார்."

"நூத்துக்கு நூறு, டீச்சரம்மா."

டியூபை ஜன்னலில் நிறுத்திவைத்தோம்.

அரை மணி போயிருக்கும். மடித்த புடவையைப் பிரித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள். மேலுதட்டில் முத்து முத்தாய் வியர்வை.

"கிளம்பலையா?"

"மணி அடிக்கட்டும்."

பெரிய வெள்ளியன்று எந்த மாதா கோயிலிலும் மணி அடிக்காது. அவளுக்குத் தெரியாததா? கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. கண் என்மேல் நிற்கவில்லை. ஜன்னலைப் பார்த்தேன், நீலம். அவளைப் பார்த்தேன். திரும்பவும் ஜன்னல். அந்த நீலத்தை நம்பி நின்ற நிமிடங்களை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. காலையில் போட்ட ஊசி உள்ளே வேலை செய்துகொண்டேயிருக்கிறது, அதற்கு ஈடு கொடுக்க வயிற்றில் ஒன்றுமில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவள் கண்ணில் படக்கூடாதென்று சர்க்கரை டப்பாவைப் பரணில் ஒளித்தவன் நானே. ஸ்டூல் ஆடியது. கரைத்துக்கொண்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒருசந்திங்க..."

"பாவம் எனக்கு வரட்டும். குடி."

மடக்கு மடக்காய் இறங்கியது. கொஞ்ச நேரத்தில், "ஏங்க, என் ஜாக்கெட் ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?" என்றாள். துண்டை எடுத்து அவள் கழுத்தைத் துடைத்துவிட்டேன்.

நடந்ததைச் சொன்னபோது ஸ்ரீரங்கத்து டாக்டர் திட்டவில்லை. "நீலம்னா சர்க்கரை வெளியே சிந்தலைன்னு மட்டும்தான் அர்த்தம் சார். உள்ளே ரத்தத்துல எவ்வளவு மிச்சம்னு அது சொல்லாது. ஊசி போட்டா சாப்பிட்டாகணும்."

டப்பா பரணிலிருந்து அடுப்படிக்கு இறங்கிவிட்டது. அப்புறமும் எத்தனையோ நீலம் வந்தது. மார்க் போடுமுன் அவள் மேலுதட்டைப் பார்ப்பேன்.

"என்ன சார், காப்பி அடிக்கிறேனான்னு பாக்கறீங்களா?" என்பாள்.