எல்லோரும் அட்மின்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். கூத்தாநல்லூரில், மாமனார் வீட்டில், எனக்கு அந்த விருந்து வருடக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அங்கேயே வைத்துக்கொள்வது வழக்கம். குறை சொன்னால் வாய் வெந்துபோகும். காலையில் இடியாப்பமும் ஆணம் என்கிற கறிக்குழம்பும், சாயங்கால டீயோடு தம்ரூட் இனிப்பு. "மாப்ள களைச்சிருக்காங்க, ஃபேனைப் போடுங்க" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எனக்குத்தான் மூச்சு முட்டியது.

கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். அதை விட்டுவிட்டு மாமாவின், அதாவது மாமனாரின், வியாபாரத்துக்குள் வந்தேன். மாமாவும் அவருடைய அண்ணனும் தம்பியும் கூட்டாக நடத்தியது. ஜவுளி, கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரம், அரிசி. பெரிய மாமா கோலாலம்பூர் கடையில், சின்ன மாமா துபாய் கடையில், என் மாமா சரக்கு அனுப்பும் ஊர் ஆபீஸில். பிராட்பேண்ட் வந்து வீடு வீடாக வயர் இழுத்துக்கொண்டிருந்த காலத்திலும் இவர்கள் போனில் கத்தியும் ஃபேக்ஸ் அனுப்பியும்தான் தொழில் செய்தார்கள். துபாய் கேட்ட பாத்திரம் கோலாலம்பூருக்குப் போய் இறங்கும். யார் தப்பு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்போதுதான் சென்னையில் என்னோடு வேலை பார்த்த சீனியர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டார். அவருடைய கம்பெனியில் எனக்கு ஓர் இடம் இருந்தது. மனைவியிடம் சொன்னேன். "போவோம் மச்சான்" என்றாள், ஒரு நொடிகூட யோசிக்காமல். பிறந்த வீட்டிலேயே இருப்பவளுக்கும் மூச்சு முட்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மாமாவிடமும் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார்.

"நான் தடுக்க மாட்டேன் மாப்ள. ஆனா போறதுக்கு முன்னாடி மூணு எடத்தையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணாக் கோத்துக் குடுத்துட்டுப் போங்க. நீங்க இல்லாமயும் அது ஓடணும். ஓட ஆரம்பிச்சிருச்சுன்னா தாராளமாக் கெளம்புங்க."

அவர் கேட்டது கம்பெனி ஆட்கள் மட்டும் பார்க்கும் ஒரு வலைத்தளம், இன்ட்ராநெட். அதற்கு ஒரு கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் வேண்டும். புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் செய்தி, படம், விலை எல்லாம் ஏற்றுவதற்கான மென்பொருள் அது. சந்தையில் ஏகப்பட்டது கிடந்தது. மற்றவர்கள் வேகம், பாதுகாப்பு என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். நான் பார்த்தது ஒன்றைத்தான்: நான் இல்லாமல் ஓடுமா?

ஆபீஸின் பின்கட்டில், சாம்பிள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டரை வைத்து மூன்றைப் போட்டுப் பார்த்தேன். வெளியில் எங்கேயோ இருக்கும் சர்வரில் வைப்பதற்கு மாமா சம்மதிக்கவில்லை. நம்ம விஷயம் நம்ம கூரைக்குக் கீழேயே இருக்கட்டும் என்றார்.

முதலாவது இலவசம். எனக்கு உயிர். அதில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். செய்வதற்கு நான் வேண்டும். மனசே இல்லாமல் அழித்தேன். இரண்டாவது சென்னைக் கம்பெனி ஒன்று விற்றது. வந்து விளக்கிய ஆள், ஒருவர் எழுதுவார், அடுத்தவர் சரிபார்ப்பார், மேலே இருப்பவர் அனுமதிப்பார் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். எங்கள் வீட்டில் அந்த அம்பு எந்தப் பக்கம் பாய்ந்தாலும் ஒரு மாமாவின் நெஞ்சில்தான் குத்தும். வந்தவருக்கு டீ கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். மூன்றாவதும் இலவசம்தான், ரொம்பச் சாது. மெயில் அனுப்பத் தெரிந்தால் போதும். ஆபீஸ் மேனேஜரை உட்கார வைத்தேன். மாமாவிடம் பல வருடமாக இருப்பவர், மவுஸைக் கண்டால் கொஞ்சம் பயப்படுவார். டீ ஆறுவதற்குள் பொன்னி அரிசி விலையை ஏற்றிவிட்டு, "இவ்வளவுதானா தம்பி?" என்றார். நான் அவரைக் கட்டிப் பிடிக்காத குறை. அன்றைக்கே மனைவியிடம் மெல்லிய துணிகளே போதும், சிங்கப்பூரில் நம்ம ஊர் வெயில்தான் என்று சொல்லிவிட்டேன்.

அந்த மென்பொருளில் ஆட்களுக்குத் தரம் உண்டு. அட்மின் எதையும் மாற்றலாம். ஆத்தர் தான் எழுதியதை மட்டும் மாற்றலாம். சர்வருக்குப் பக்கத்தில் இருப்பவர் மேனேஜர். அவரை அட்மின் ஆக்கினேன். மாமாக்கள் மூவரையும் ஆத்தர் ஆக்கினேன். எனக்கு அது வெறும் டெக்னிக்கல் விஷயம். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. அண்ணன் தம்பி மூவரும் ஊரில் இருந்தார்கள். விருந்து முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பெரிய மாமா மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் ஒண்ணு எழுதுனா, அதை நம்ம மேனேஜர் அழிக்கலாம். அவர் எழுதுனதை நான் தொட முடியாது. அப்புடியா மாப்ள?"

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். என் மாமாதான் காப்பாற்றினார், அதாவது கெடுத்தார்.

"நாம ஒரே சஹன்ல சாப்புட்டு வளந்தவங்க. இதுல என்ன மேல, கீழ? எல்லாரையும் ஒண்ணாப் போட்டுருங்க மாப்ள."

"எல்லாரும் அட்மின்னா யாரு வேணும்னாலும் எதை வேணும்னாலும் மாத்தலாம் மாமா."

"மாத்தட்டுமே. நம்ம ஆளுங்கதானே."

சஹன் என்பது எங்கள் விருந்துகளில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. அதில் உயர்வு தாழ்வு கிடையாது, உண்மைதான். ஆனால் ஓர் ஒழுங்கு உண்டு. அவரவர் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், எதிரில் இருப்பவர் பக்கத்துக் கறிக்குக் கை நீட்டக் கூடாது. சின்ன வயதில் தொடையில் கிள்ளு வாங்கிப் பழகியது அது. கம்ப்யூட்டரில் யாரையும் யாரும் கிள்ள முடியாது.

மூவரும் அட்மின் ஆனார்கள். சின்ன மாமா தன் கடையின் புது போர்டை முதல் பக்கம் முழுக்க விரித்துப் போட்டார். பெரிய மாமா அதை எடுத்துவிட்டு பெருநாள் வாழ்த்தைப் போட்டார். வாழ்த்தை நகர்த்தப் போன சின்ன மாமா கோலாலம்பூர் விலைப்பட்டியலையே தூக்கிவிட்டார். ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சின்ன மாமா துபாயிலிருந்து சொல்வார்:

"அண்ணனுக்குத் தெரியாம கை பட்டிருக்கும் மாப்ள. நான் சொன்னதாச் சொல்லாம நீங்களே சரி பண்ணிருங்க."

சரி செய்தேன். மறுபடி கை பட்டது. மறுபடி சரி செய்தேன். ஒருமுறை வாய்க்கால் தூர்வார வந்த மிஷின் பிராட்பேண்ட் கேபிளை அறுத்துவிட்டது. ஊரே அந்த டிரைவரைத் திட்டியது. நான் அவருக்கு துஆ செய்தேன்.

சிங்கப்பூர் சீனியர் அவசரப்படுத்தினார். இந்த வேலையை யார் தலையிலாவது கட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று மேனேஜரிடம் பாஸ்வேர்டை நீட்டினேன்.

"பெரிய மொதலாளி போட்டதை நான் எடுக்குறதா? வேண்டாம் தம்பி, பாவம் சுத்தும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மனைவியின் தம்பியிடம் கொடுக்கலாம். ஆனால் அவன் கை வைத்தால் மாமாவே கை வைத்ததாகிவிடும். யோசிக்க யோசிக்கத்தான் எனக்குப் புரிந்தது. மூன்று பேருக்கு நடுவில் நின்று, யார் மனமும் கோணாமல் ஒன்றை எடுக்கவும் வைக்கவும் ஒரு ஆள் வேண்டும். அவன் வீட்டுக்குள் இருக்க வேண்டும், இரத்த சொந்தமாக இருக்கக் கூடாது. பூனைக்கு மணி கட்டுவதற்கென்றே மாப்பிள்ளை எடுத்திருக்கிறார்கள். நான் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

சாப்பிடும்போது மாமாவிடம் சொன்னேன். தேதி சொல்லச் சொல்கிறார்கள், கிளம்ப வேண்டும் என்று. அவர் முகம் மாறவில்லை.

"நான் குடுத்த வார்த்தை குடுத்ததுதான் மாப்ள. அண்ணன்கிட்டயும் தம்பிகிட்டயும் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன்."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து பின்கட்டில் உட்கார்ந்து தளத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் என் கல்யாணப் போட்டோ. பெரிய மாமா ஏற்றியிருந்தார். நம் மாப்பிள்ளை இன்று முதல் நமது நிறுவனத்தின் நான்காவது பங்குதாரர், ஊர் ஆபீஸும் இந்த வலைத்தளமும் முழுக்க அவர் பொறுப்பு என்று எழுதியிருந்தது. கீழே சின்ன மாமாவின் வாழ்த்து. அதற்குக் கீழே மாமாவின் அல்ஹம்துலில்லாஹ். ஒருவர் போட்டதை ஒருவர் தொடவில்லை. யாரும் எனக்குப் போன் செய்து எப்படி ஏற்றுவது என்று கேட்கவில்லை. மூன்று பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

கோபத்தோடு மவுஸை டெலீட் பட்டனுக்குக் கொண்டுபோனேன். நானும் அட்மின்தானே, ஒரு தட்டுத் தட்டினால் அத்தனையும் போய்விடும். கை பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்தாள்.

"அப்ப நாம போகலையா மச்சான்?"

போட்டோ பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதில் அவளும் நானும் படுத்துக்கொண்டு சிரித்தோம். துபாயிலும் கோலாலம்பூரிலும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பார்ப்பார்களே என்றிருந்தது. அழிப்பதற்குப் பதில் எடிட்டைத் தட்டி, படத்தை நிமிர்த்தி, சேமித்தேன்.

"இவங்கதான் நம்மள விட மாட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "நீங்கதான் மச்சான் விடல."

சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் சிங்கப்பூருக்குப் போன் போட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.