மயங்கி விழுந்த மடி

இலுப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் குணசேகரனுக்கு, குத்துவதைக் குறிக்கும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லைப் பற்றி முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசத் தெரியும். ஊசியைக் கண்டால் மட்டும் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவார். தடுப்பூசி முகாமில் அவர் விழுந்ததைப் பார்த்து, பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர் ஊசியே வேண்டாமென்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். "நமக்குப் படிப்பு இங்கிட்டு இருக்கு, தைரியம் அங்கிட்டு எங்கயோ கெடக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவது அவருக்குப் பழக்கம்.

அந்தச் சொல் 'தர்ல்'. துளை என்றாலும் அதுதான், துளைப்பது என்றாலும் அதுதான். மூக்குத் துவாரத்தைச் சொல்லும் 'நாஸ்ட்ரில்'லின் வாலாக அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சன்னலைக்கூட அந்தக் காலத்தில் 'கண்துளை' என்று சொல்லியிருக்கிறார்கள். சினிமா பார்த்துவிட்டு நாம் சொல்லும் 'த்ரில்' முதலில் வெறும் குத்துதான். மனசைக் குத்த ஆரம்பித்தது பிறகு. ஸ்காட்லாந்தில் ஒரு குடியானவனை ஒரே மாவரைக்கும் ஆலையோடு கட்டிப்போடுவதற்கும் இதே சொல் புழங்கியது. இவ்வளவையும் போர்டில் எழுதி முடித்து வேர்வையைத் துடைத்தால், பிள்ளைகள் கேட்பது ஒன்றே ஒன்று: "சார், இது பரீட்சைக்கு வருமா?" வராது.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் தங்கை திலகவதியிடமிருந்து போன் வந்தது. அவளுடைய இளைய மகள் ஹரிணிக்கு அரிமளம் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து.

"அண்ணே, மடியில வச்சுக்க நீ வாரியா, இல்ல இந்தத் தடவையும் டியூட்டியா?"

குணசேகரனுக்குச் சுருக்கென்றது. மூத்தவள் காவ்யாவுக்குக் குத்தியபோது, பரீட்சை டியூட்டி என்று பொய் சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். தாய்மாமன் மடியில் இருக்க வேண்டிய பிள்ளையை, குணசேகரனின் பெரியப்பா மகன் முத்துராஜ் மடியில் வைத்துக் குத்தினார்கள். அந்தப் போட்டோ ஆறு வருசமாகத் திலகவதி வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அங்கே போனால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அவருக்கு மனசு ஆறியிருக்கும்.

"நீ வரலேன்னா யாரு மடியும் வேணாம்ணே. நகைக்கடையில மிஷின் வச்சிருக்காங்க. டப்புன்னு அடிச்சுட்டு வந்துர்றேன்."

"வாரேன்த்தா" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயை உடனே நொந்துகொண்டார்.

அன்றிலிருந்து பயிற்சி. ஒரு தையல் ஊசியை மேசையில் வைத்து முதல் நாள் வாசலில் நின்று பார்த்தார். மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு வாரத்தில் சட்டைக்குப் பொத்தானே தைத்துவிட்டார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏதோ போருக்குப் போகிறவர்போல் கோயிலுக்குக் கிளம்பினார்.

மொட்டைத் தலையில் சந்தனமும் கையில் வாழைப்பழமுமாக ஹரிணி மடியில் வந்து உட்கார்ந்தாள். ராமு ஆசாரி காதில் பொட்டு வைத்து அளவு பார்த்தார். குணசேகரனுக்கு வாய் தானாக ஓடத் தொடங்கியது. பயம் வந்தால் பாடம் எடுப்பது அவருக்கு ஒரு வியாதி.

"ஆசாரி, இங்கிலீஷ்ல தர்ல்னு ஒரு வார்த்தை..."

"சார், மொதல்ல பிள்ளை தலையைப் புடிங்க."

வலது காதில் கம்பி இறங்கியது. ஹரிணி வீரிட்டாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தவர், பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று திறந்து பார்த்தார். காதில் கடுகளவு ரத்தம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர் செல்போன் வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஜமுக்காளத்தில் மல்லாந்து கிடக்கிறார். பிள்ளையைப் பிடித்த கை மட்டும் விடவில்லை. கூடவே சாய்ந்த ஹரிணி அவர் வயிற்றின் மேல் எழுந்து உட்கார்ந்து, அழுகையை நிறுத்திவிட்டு, "மாமா தூங்குது" என்கிறாள். யாரோ தண்ணீர் கேட்கிறார்கள். இடது காதுக்கு மடி கொடுக்க முத்துராஜ் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வருகிறான்.

திலகவதி கையை நீட்டி அவனை மறிக்கிறாள். "யாரும் வேணாம். எங்கண்ணன் மேலேயே இருக்கட்டும். நீங்க குத்துங்க ஆசாரி."

இரண்டு வாரம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனார். பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் புதிது ஒன்று. வாய் பிளந்து கிடக்கும் குணசேகரன். வயிற்றின் மேல் சந்தன மொட்டையோடு பழம் தின்னும் ஹரிணி. குனிந்து கம்பியை முறுக்கும் ஆசாரி.

"ஏத்தா, இதைக் கழட்டு. வாரவுக போறவுக சிரிக்க மாட்டாகளா?"

"சிரிக்கட்டும்." காபியை நீட்டினாள். "காவ்யாவுக்குக் குத்துனது ஞாயித்துக்கெழமைண்ணே. அன்னிக்கு எந்த ஊர்ல பரீட்சை நடந்துச்சு? எனக்கு அப்பவே தெரியும். இதுலயாச்சும் நீ இருக்க."

குணசேகரன் காபியை வாங்கிக்கொண்டு, ஆறு வருசத்தில் முதல் தடவையாக, அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.