முப்பத்தாறு அங்குலப் பிடிவாதம்

புல்வெட்டும் மெஷின் ஒன்று வாங்க, என் மனைவியின் தம்பி ஃபிதென்சியோவுக்கு நான் மூவாயிரத்து எண்ணூறு டாலர் கடன்பட்டிருந்தேன். வங்கியில் வாங்கியிருந்தால் மாதம் ஒரு முறைதான் கேட்டிருப்பார்கள். மச்சினனிடம் வாங்கியதால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமியார் வீட்டு மேசையில் அவன் இறைச்சித் தட்டை என் பக்கம் நகர்த்தும்போது கடனும் சேர்ந்தே நகர்ந்து வந்தது. கிறிஸ்துமஸுக்குத் தமாலே என்ற சோளமாவுப் பலகாரம் செய்யக் குடும்பம் கூடும் நாளுக்குள் தந்துவிட வேண்டும் என்பது பேச்சு. தராவிட்டால் என் டிரெய்லர் அவனுடையது. டிரெய்லர் போனால் புல்வெட்டும் மெஷினை முதுகில் கட்டிக்கொண்டுதான் வீடு வீடாகப் போக வேண்டும்.

நான் எலெயுத்தேரியோ சமாரிப்பா. சான் அன்டோனியோவின் வடமேற்கில் என் பெயர் இன்று மூன்று வண்டிகளின் கதவில் இருக்கிறது. பெயின்டர் ஒரு வண்டியில் ஓர் எழுத்தை விட்டுவிட்டான். அதை நான் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. என் படிப்பு அவ்வளவுதான். மூன்றாம் வகுப்போடு கீரை வயலுக்குப் போனவன். ஆனால் ஒரு புல்தரையைப் பார்த்தால் அது கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது, வீட்டுக்காரர் கஞ்சனா தாராளமா என்பதுவரை சொல்வேன். இந்த ஊரில் இதைச் சொல்லக்கூடிய வேறு ஆளை நான் பார்த்ததில்லை. தேடியதும் இல்லை.

அப்போது என்னிடம் இரண்டு மெஷின்கள் இருந்தன. தேவாலயத் திடலுக்கும் கடைகளின் முன்தரைக்கும் நாற்பத்தெட்டு அங்குல அகலத்தில் பெரியது ஒன்று. வீட்டுக் கொல்லைகளுக்கு, பாட்டரி ரேடியோ அளவுக்குச் சத்தம் போடும் ஓர் இருபத்தொன்று. எங்கள் பக்கத்துக் கொல்லைகளைச் சுற்றி ஆள் உயரத்துக்குமேல் தேவதாருப் பலகை வேலி இருக்கும். உள்ளே போக ஒரே ஒரு கேட். பெரியது அதில் நுழையாது. சின்னது நுழையும், ஆனால் ஒரு கொல்லையை முடிப்பதற்குள் என் முழங்கால் என்னைப் பெயர் சொல்லித் திட்டும். நடுவாந்தரமாக, பின்னால் நடந்தபடி ஓட்டும் மெஷின் ஒன்று வேண்டும். சரிவில் இழுக்க வேண்டும், ஈரப்புல்லில் பெல்ட் வழுக்கக் கூடாது, கேட்டில் நுழைய வேண்டும். முதல் இரண்டையும் நன்றாகவே பார்த்து வாங்கினேன்.

பணம் அவனுடையது என்பதால் ஃபிதென்சியோவும் கடைக்கு வந்தான். வேலி கட்டுவது அவன் தொழில். நான் புல்வெட்டும் வீடுகளில் பாதிக்கு வேலியும் கேட்டும் போட்டவன் அவன்தான்.

"மச்சான், இந்த முப்பத்தாறு வேணாம், முப்பத்திரண்டு எடு," என்றான்.

"முப்பத்திரண்டுல புல்லு வெட்டுறதா, மீசை வெட்டுறதா?"

"என் கேட்டு எனக்குத் தெரியாதா? மூணு அடின்னு சொன்னா கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல மூணு அடி. அதுல கீல் ஒரு பக்கம் தின்னும், தாழ்ப்பா ஒரு பக்கம் தின்னும்."

"உன் கேட்டு அத்தனையும் நான் கண்ணாலயே அளந்தாச்சு மாப்ள."

"எந்தக் கண்ணால? கண்ணாடி போட்டதாலயா, போடாததாலயா?"

கடைக்காரி ஒராலியா, கையில் கிரீஸ் துணியோடு குறுக்கே வந்தாள். "அண்ணே, முப்பத்தாறுங்கறது பிளேடு வெட்டுற அகலம். மெஷினோட உடம்பு அதுக்கு மேல இருக்கும். புல்லத் துப்புற ரப்பர் மூக்கு வேற பக்கத்துல நீட்டிக்கிட்டு இருக்கும். உங்களையே பாருங்க. பேன்ட் கடையில ஒரு சைஸ் சொல்லுவீங்க, வயிறு வேற சொல்லும்."

ஃபிதென்சியோ சிரித்த சிரிப்பில் அலமாரியில் இருந்த பிளேடுகள் அதிர்ந்தன.

எனக்கு அளக்கத் தெரியாமல் இல்லை. எனக்கென்று ஒரு முறை இருந்தது. இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டுக்குள் நடப்பேன். முழங்கை உரசாவிட்டால் முப்பத்தெட்டு அங்குலம். இருபத்தைந்து வயதில் அளந்து வைத்த கணக்கு அது. ஊரில் எல்லாக் கேட்டிலும் அப்படி ராஜநடை நடந்து பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தேன்.

உண்மைக் காரணம் அது இல்லை. அவன் பணத்தை வாங்கியாயிற்று. அவன் யோசனையையும் வாங்கிக்கொண்டால் அந்த மெஷினில் என்னுடையது என்று என்ன மிஞ்சும்? முப்பத்தாறையே எடுத்தேன். சிவப்பு நிறம். டிரெய்லரில் ஏற்றி, தேவையில்லாமல் ஊரைச் சுற்றி வீட்டுக்குப் போனேன்.

அந்த ஆகஸ்டில் மழை என்பதே இல்லை. மெஷினின் ரப்பர் மூக்கை மேலே மடித்து என் பெல்ட்டால் கட்டி, மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு கேட்டில் நுழைப்பேன். மெஷின் நுழைய நான் ஏன் மூச்சை இழுக்க வேண்டும் என்று கேட்காதீர்கள், இழுத்தால்தான் நுழைந்தது. பெல்ட் இல்லாத பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொள்வேன். சிவப்புப் பெயின்ட் கம்பங்களில் ஒட்டியது. எந்தெந்த வீடு என் வாடிக்கை என்று போட்டிக்காரன் ஊகிக்கவே வேண்டாம், கேட்டைப் பார்த்தால் போதும். சில கேட்டுகளில் எந்த மூச்சும் உதவவில்லை. அங்கெல்லாம் பழைய இருபத்தொன்றையே தள்ளினேன்.

"எப்படி மச்சான் நுழையுது?" என்று ஞாயிற்றுக்கிழமை ஃபிதென்சியோ கேட்பான்.

"வெண்ணெயில கத்தி மாதிரி."

"முழங்கையில என்ன சிராய்ப்பு?"

"ரோஜாச் செடி."

என் மனைவி அம்பாரோ என் தட்டில் இன்னொரு தோர்த்தியா ரொட்டி வைப்பாள். அவளுக்குத் தெரியும், எங்கள் வாடிக்கையில் ரோஜா வைத்த வீடு ஒன்றுகூட இல்லை.

அக்டோபரில் எல்ஃப்ரீடா அம்மாவின் கொல்லையில் பாதி வெட்டிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. அவர் ஜெர்மன்காரர்களின் பேத்தி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எண்பதைத் தாண்டியவர். "மெஷினைப் பின் தாழ்வாரத்துல விட்டுட்டுப் போங்க, யார் தூக்கப்போறா," என்றார். விட்டுவிட்டுப் போனேன். அந்த வாரம் முழுதும் கொட்டியது. வானம் தெளிந்ததும் வந்து மிச்சத்தை வெட்டி முடித்தேன். மூக்கை மடித்து, பெல்ட்டால் கட்டி, மூச்சை இழுத்து, கேட்டை நோக்கி ஓட்டினேன்.

பாதியில் நின்றது.

இன்னும் கொஞ்சம் விசையைக் கொடுத்தேன். நல்ல மெஷின், சரிவில் கழுதைபோல் இழுக்கும் என்று நானே தேர்ந்தெடுத்தது. சொன்னபடி இழுத்துக்கொண்டு போய் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் கல்யாண மோதிரம் மாதிரி இறுகிக்கொண்டது. பின்னால் எடுத்தேன். வரவில்லை. ஐந்நூறு பவுண்டு எடை, தூக்கவும் முடியாது. வேலியில் இருக்கும் ஒரே ஓட்டையை மெஷின் அடைத்திருக்கிறது, நான் உள்ளே இருக்கிறேன்.

எல்ஃப்ரீடா அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்தார். "வீட்டு வழியா வாங்க சமாரிப்பா. பூட்ஸை மட்டும் கழட்டிடுங்க, கம்பளம் புதுசு."

பூட்ஸைக் கழற்றலாம். ஆனால் அன்றைக்குப் போட்டிருந்த சாக்ஸில் இரண்டு கட்டைவிரலும் வெளியே இருந்தன. ஓர் ஆசிரியையின் கம்பளத்தில் அப்படி நடக்க நான் தயாராக இல்லை. "காத்து நல்லா வருதுங்க, இங்கேயே இருக்கேன்," என்றேன்.

"அப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கும் இங்கதானா? ஒரு தட்டு கூட வைக்கவா?"

அடுத்த வீடு என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்ததும். ஒரு நாள் வேலை போனால் கிறிஸ்துமஸ் கணக்கில் துண்டு விழும். ஊரில் எத்தனையோ பேருக்குத் தொலைபேசியில் பேசலாம். கேட்டைப் பிரித்து மாட்டத் தெரிந்தவன் ஒருவன்தான். அந்த எண்ணை அழுத்த நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் எல்ஃப்ரீடா அம்மா காப்பி போட்டு ஜன்னல் வழியாக நீட்டிவிட்டார்.

ஃபிதென்சியோ வந்தான். வேலிக்கு மேலே அவன் தொப்பி மட்டும் தெரிந்தது. அது ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குப் போய்த் திரும்பியது.

"மச்சான்."

"சொல்லு."

"வெண்ணெய் இன்னிக்குக் கொஞ்சம் கெட்டியோ?"

"மாப்ள, வந்த வேலையப் பாரு. ஆகஸ்டுல இதே கேட்டுலதான் நுழைஞ்சேன்."

"அது வேற கேட்டு, இது வேற கேட்டு. இது கரிசல் மண்ணு மச்சான். வெயில்ல சுருங்கி வெடிக்கும், கம்பம் வெளிப்பக்கமாச் சாயும். மழை பெஞ்சா ஊதும், கம்பத்த உள்ள தள்ளும். இந்த ஊர்ல எல்லாக் கேட்டும் வருஷத்துக்கு ரெண்டு தடவை மூச்சு விடும். நீ வெளிய விட்ட மூச்சுல அளந்திருக்க."

"நான் இடுப்புல கை வெச்சுத்தான் அளந்தேன்."

"அப்ப இடுப்பும் ஊதியிருக்கும்."

ஜன்னலில் ஆசிரியை இருமினார். அது இருமல் இல்லை.

கேட்டின் கீலைக் கழற்றிக் கதவை எடுத்து வைத்தான். மெஷினுக்கு மேலே, கம்பத்துக்குக் கம்பம் ஒரு பலகையையும் வண்டியின் ஜாக்கியையும் படுக்கவைத்துத் திருகினான். ஈர மண் முனகியது. கம்பங்கள் ஒரு விரல் விலகின. மெஷின் பெருமூச்சு விட்டதுபோல் அசைந்தது. நான் அதன் பின்னாலேயே வெளியே வந்தேன். கதவைத் திரும்ப மாட்டினான். 'அன்னைக்கே சொன்னேன்ல' என்பான் என்று காத்திருந்தேன். அதற்கு நான்கு பதில்கள் தயாராக வைத்திருந்தேன். அவன் சொல்லவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "அறுபது டாலர். பழசோட சேத்துக்கறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். என் நான்கு பதில்களும் வாயிலேயே ஊறிப்போயின.

வீட்டில் அம்பாரோ தையல் டேப்பை எடுத்து வந்து, "இடுப்புல கை வை," என்றாள். முழங்கைக்கு முழங்கை முப்பத்தாறுகூட இல்லை. இருபத்தைந்து வயதுத் தோள் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது. "இத்தனை வருஷமா எல்லாக் கேட்டையும் ரெண்டு இன்ச்சு பெருசாக்கிட்டு இருந்திருக்கீங்க," என்றாள். "என் தம்பி பாவம், சின்னதாத்தான் கட்டியிருக்கான்."

கணக்கு எனக்கும் தெரியும். கறுப்பு மண் இன்னும் ஊறும், குளிர்காலம் முழுக்க கேட்டுகள் சிறுத்தே கிடக்கும். முப்பத்தாறு வாசலில் நிற்கும், டிரெய்லர் மச்சினன் வீட்டில் நிற்கும். மறுநாள் விடிந்ததும் ஒராலியாவின் கடைக்குப் போனேன்.

"முப்பத்திரண்டு வேணும். இதை எடுத்துக்க. அதே சிவப்பு, அதே இழுவை."

"யாருக்கு அண்ணே?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு."

"அவரு ரொம்ப நல்லவருபோல," என்று சொல்லி, முப்பத்தாறை அதன் விலையில் எழுநூறு டாலர் குறைத்து எடுத்துக்கொண்டாள். போகும்முன் மெஷினின் பக்கத்தில் ஒட்டியிருந்த 32 என்ற ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்க அவளிடமே கத்தி வாங்கினேன். எதற்கு என்று கேட்காமலே கொடுத்தாள்.

இனி நான் சொல்வது தற்பெருமைதான். இந்தக் கதையில் வேறு இடத்தில் எனக்கு வாய்க்கப்போவதில்லை. அந்த முப்பத்திரண்டு நுழையாத கேட்டே இல்லை. மூக்கைக் கட்ட வேண்டாம், பெல்ட் இடுப்பிலேயே இருந்தது. வரிசைக்கு நான்கு அங்குலம் குறைவாக வெட்டியதால் எவ்வளவு நேரம் போயிற்று என்று பார்த்தேன். முன்பு கேட்டில் மல்லுக்கட்டிய நேரத்தில் பாதிகூட இல்லை. பெரிய மெஷின்காரர்கள் கொல்லை வேண்டாம் என்று கைவிட்ட வீடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். எல்ஃப்ரீடா அம்மா தன் தெருவுக்கே என்னைச் சிபாரிசு செய்தார், "அவர் வேலை முடியாம வெளியவே வரமாட்டார்," என்று. குளிரில் புல் வளர்வது நின்ற பிறகு பெக்கான் மர இலை அள்ளினேன், கூரைகளில் வண்ண விளக்குக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரெய்லரை மாமியார் வீட்டுக்கு ஓட்டிப் போவதை நிறுத்தினேன்.

தமாலே நாளில் மட்டும் வழியில்லை. கடைசி வீட்டிலிருந்து நேராகப் போனேன். உள்ளே எல்லோரும் சோளத்தோலில் மாவு தடவிக்கொண்டிருந்தார்கள். ஃபிதென்சியோ எனக்குப் பிறகு வந்தான். என் டிரெய்லருக்குப் பின்னால்தான் அவன் வண்டியை நிறுத்தியிருந்தான் என்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அங்கே நின்றான்.

மாவுக் கைகளெல்லாம் நிற்க, அவன் தன் கையைத் துண்டில் துடைத்து என் முன் விரித்தான். நூறு நூறாக எண்ணி வைத்தேன். மூவாயிரத்து எண்ணூறு. அதன் மேல் மூன்று இருபதுகள்.

கை மூடவில்லை.

"சரியா இருக்கா?" என்றேன்.

"பணம் சரியா இருக்கு மச்சான்."

"அப்புறம் என்ன?"

"வெளிய டிரெய்லர்ல உன் மெஷினப் பாத்தேன். கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரிஞ்சுது."

"வேலை அதிகம். இளைக்காம?"

"ஒருவேளை என் கண்ணுதான் சரியில்லையோ என்னவோ. டேப்பு வண்டியிலதான் கிடக்கு. எடுத்துட்டு வரட்டா?"

அம்பாரோ தலை குனிந்து மாவு தடவினாள். அவள் தோள் குலுங்கியது. அவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். 'நீதான் சரி' என்ற இரண்டே வார்த்தை. அதைச் சொல்வதற்கு என் வாய் என்றைக்கும் பழகியதில்லை. சட்டைப் பையில் சில்லறை நோட்டுகள் இருந்தன. ஒரு டாலரை எடுத்து அவன் கையில் வைத்தேன். அவன் புருவத்தை உயர்த்தினான். இன்னொன்று வைத்தேன். மூன்றாவதை வைத்தபோது, அங்குலத்துக்கு ஒரு டாலர் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது, சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டான். கசங்கியிருந்த நான்காவது நோட்டைத் தொடையில் வைத்து நீவி, மற்றவற்றின் மேல் வைத்தேன்.